வீட்டுத் தமிழில் நாம் ஒளித்து வைத்திருக்கும் சொற்கள்



"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இனவேற்றுமை என்றால் என்னவென்றே தெரியாது. அதெல்லாம் நம் தாத்தா, அப்பா காலத்தோடு போய்விட்டது." பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் திருமண வீடுகளிலும் இந்தக் கருத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் சான்றும் தருவார்கள். மகன் சீன நண்பர்களோடு பூப்பந்து விளையாடுகிறான். மகள் மலாய்த் தோழி வீட்டு நோன்புப் பெருநாள் விருந்துக்குப் போய் வருகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் சீனப்பள்ளியில் படித்து மாண்டரின் பேசுகிறான். எல்லாம் உண்மைதான். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நிற்கும் எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை. ஒரு தலைமுறை ஓர் இனத்தைப் பற்றிய கசப்பை இறக்கி வைத்தால், அடுத்த தலைமுறை வேறோர் இனத்தைப் பற்றிய கசப்பைத் தூக்கிக்கொள்கிறது. நம் குடும்பங்களில் இது எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

செனாவாங் என்றதும் இன்று பலருக்குத் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியும்தாம் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது கித்தாத் தோட்டம். சிரம்பானைச் சுற்றி இருந்த தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிற்சாலைகளாகவும் தாமான்களாகவும் மாறியபோது, லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். ஆகவே நான் சொல்லப்போவது என் குடும்பக் கதை என்றாலும், இதைப் படிக்கும் பலருக்குத் தங்கள் குடும்பமும் நினைவுக்கு வரலாம்.

என் தாத்தா சிறுவனாக இருந்தபோது கங்காணியோடு கப்பலேறி வந்தவர். கங்காணி முறைக்கு 1938-இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் வந்துவிட்டார். பாட்டி தோட்டத்திலேயே பிறந்தவர். பாட்டிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்தன. அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டு போய் வேலியிட்டு வைத்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அவ்வாறு பெயர்க்கப்பட்டார்கள். எங்கள் தோட்டத்து எல்லையில் இருந்த சீனக் குடும்பம் ஒன்றும் 1951-இல் வீட்டைக் காலி செய்தது. போகும்போது தங்கள் கைக்குழந்தையை, பெண் குழந்தையை, என் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இது வியப்புக்குரிய செய்தி அன்று. போருக்கு முன்னும் பின்னும் மலாயாவில் எத்தனையோ சீனப் பெண் குழந்தைகள் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தார்கள். வறுமை ஒரு காரணம். பிறந்த ஆண்டும் நேரமும் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். அப்படி வந்தவர்கள் தமிழ்ப் பெயர் பெற்று, தமிழ் பேசி, சேலை கட்டி, தீமிதித்து, தமிழர்களையே மணந்து வாழ்ந்தார்கள். உங்கள் உறவிலும் அத்தகைய ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருந்திருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் அவர் அத்தை. என் அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். பாட்டியோடு விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மங்கு துடைத்து, மரம் வெட்டி, காண்டாவாளி சுமந்தவர். கோபம் வந்தால் அவர் பேசும் தமிழுக்கு முன்னால் தோட்டத்தில் எவரும் நிற்க முடியாது!

அந்தக் காலத்து மனிதர்கள் பெருமனத்தவர்கள், இனம் பாராதவர்கள் என்று இங்கேயே முடித்துவிட்டால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் அதே பாட்டி வீட்டு அஞ்சடியின் ஓரத்தில் ஒரு தகரக் குவளை இருந்தது. கடைசி லயத்திலிருந்து வரும் சிலருக்கு அந்தக் குவளையில்தான் தேநீர். அவர்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. அவர்களும் தமிழர்கள், அதே பெரட்டில் நின்றவர்கள், அதே செக்ரோலில் பெயர் இருந்தவர்கள். வேறு இனத்துக் குழந்தை அடுப்பங்கரை வரை வரலாம், வேறு சாதித் தமிழர் அஞ்சடி வரைதான் வரலாம் என்பது பாட்டியின் உலகம். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மனத்தில் அத்தை சீனப்பெண் அல்லர், 'நம்ம புள்ள'. அதாவது, அத்தைக்கு அவர் ஒரு விலக்கு அளித்துவிட்டார்.

இந்த 'விலக்கு' என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் அப்பாவின் தலைமுறை. 1969 மே 13 கலவரச் செய்தி வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. கலவரம் கோலாலம்பூரில்தான். ஆனாலும் பல வாரங்கள் அத்தையைத் தனியே சிரம்பான் பட்டணத்துக்கு அனுப்பவில்லையாம். தமிழ் பேசினாலும் முகம் சீன முகம் அல்லவா? வழியில் மறிப்பவன் முகத்தைத்தானே பார்ப்பான்? அந்தக் காலத்திலேயே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்குப் பிறகு பள்ளிப் பாரம் முதல் வேலை விண்ணப்பம் வரை 'இனம்' என்ற கட்டம் நம் வாழ்க்கையில் நிலையாக உட்கார்ந்துகொண்டது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்'. எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோமோ அதைப் பொறுத்தது மிச்சமெல்லாம் என்ற உணர்வு என் அப்பாவின் தலைமுறைக்கு ஆழமாகப் பதிந்தது. அது வீண் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். இடம் கிடைக்காத பிள்ளைகளையும் ஏலம் கிடைக்காத பெரியவர்களையும் நானும் அறிவேன். கொள்கையின்மீது குறை சொல்வது குடிமகனின் உரிமை. அதைச் சோற்றுக்கு முன் உட்கார்ந்து பேசினாலும் தவறில்லை.

ஆனால் சோற்றுக்கு முன் பேசப்படுவது எப்போதும் கொள்கையாக இருப்பதில்லையே! அப்பா தோட்டத்தை விட்டு ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மேற்பார்வையாளர் சீனர், மிகைநேர வேலைப் பட்டியலில் அப்பாவின் பெயர் அடிக்கடி விடுபட்டது. வீட்டுக்கு வந்து, "இந்தச் சீனனுங்களே இப்படித்தான்" என்று தொடங்கினால் அரை மணி நேரம் ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அவர் அப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் இலைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் அத்தை.

"யாரு ஊத்துறான்னு பாத்துப் பேசு தம்பி" என்றார் அத்தை.

அப்பா நிமிர்ந்து பார்த்து, "நீ வேற அக்கா" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அத்தைக்கு உடல்நலம் குன்றியபோது மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான். ஆனால் அந்த 'நீ வேற' என்ற சொல்லுக்குப் பிறகும் அவர் சீனர்களைப் பற்றிய தம் கருத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே எழவில்லை. விலக்கு இருந்ததல்லவா!

என் தலைமுறைக்கு இந்த விலக்கு மறுபக்கத்திலிருந்து கிடைத்தது. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை அடுத்த கம்போங் மேடானில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மோதல் நிகழ்ந்து ஆறு பேர் உயிரிழந்தனர். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். அறைத்தோழி மலாய்ப்பெண். அவளுடைய தாயார் அந்த வாரம் விடுதிக்கு வந்து எங்கள் இருவருக்கும் ரெண்டாங் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "காமு தாக் மாச்சாம் இந்தியா லாயின்" என்றார். நீ மற்ற இந்தியர்களைப் போல் இல்லை என்று பொருள். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடனே அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அத்தை எத்தனை ஆண்டுகள் இந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றியிருப்பார்!

வெறுப்பு எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று அன்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விலக்கு என்பது ஓர் ஆளுக்கு மட்டுமே உரியது. அந்த ஆளை நேரில் அறிந்தவர்களோடு அது முடிந்துவிடும். சொல்லோ அப்படியன்று, 'சீனனுங்களே இப்படித்தான்' என்ற வாக்கியத்தைப் பிள்ளையும் சொல்லலாம், பேரனும் சொல்லலாம், எந்த அனுபவமும் தேவையில்லை. அத்தை 2014-இல் காலமானார். என் மகள் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அத்தையின் கைக்குழம்பு அவளுக்குத் தெரியாது. தாத்தாவின் வாக்கியம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய வாக்கியங்களை நாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதில்லை. அலுவலகத்தில், வங்கியில், பள்ளிக் கூட்டத்தில் எல்லாரும் நாகரிகமாகத்தான் பேசுகிறோம். வீட்டுக்குள் வந்து, காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தமிழில் பேசுகிறோம். அடுத்தவருக்குத் தமிழ் புரியாது என்ற துணிச்சல்! பிள்ளைக்குப் புரியும் என்பதை மறந்துவிடுகிறோம். தாய்மொழியை வீட்டில் பேசுங்கள் என்று ஆண்டுதோறும் பெற்றோரிடம் மன்றாடுபவள் நான். அந்தத் தாய்மொழியில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் பிறரை இழிக்கும் சொற்களும் இருந்தால், நன்னெறிக்கல்விப் பாடநூலில் அலியும் ஆ சோங்கும் முத்துவும் கைகோத்து நிற்கும் படம் என்ன செய்துவிடும்?

சொல்லின் வலி நமக்குத் தெரியாததன்று. 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் பழைய சொல்தான். வேற்றூர்க் கடை வீதியில் அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் நம்மில் உண்டு. 2011-இல் அப்துல்லா உசேன் எழுதிய 'இந்தர்லோக்' நாவல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலானது. அது கட்டாயமாக்கப்பட்ட மாநிலங்களில் நம் நெகிரி செம்பிலானும் ஒன்று. தமிழகத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்க அதில் 'பறையா' என்ற சொல் ஆளப்பட்டிருந்ததை நம் சமூகம் எதிர்த்தது. கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின. பின்னர் அந்நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. எதிர்த்தது சரியே என்பது என் கருத்து. ஆனால் அந்த நாள்களில் எனக்குப் பாட்டியின் தகரக் குவளையும் நினைவுக்கு வந்தது. மற்றவர் அச்சில் ஏற்றியதை எதிர்த்த நாம், அதே சொல்லை நம் அஞ்சடியில் எத்தனை காலம் புழங்கினோம்! கடைசி லயத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்னோடு ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த எதிர்ப்பு அவர்களுக்கு எப்படி ஒலித்திருக்கும் என்பதை நாம் எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

சரி, இன்றைய பிள்ளைகளிடம் வருவோம்.

தோட்டத்தில் 'பங்களா' என்றால் ஒரு காலத்தில் துரை வசிக்கும் வீடு. இன்று என் வகுப்பில் 'பங்களா' என்பது வசவு. சட்டை கசங்கியிருந்தால் பங்களா; தாமதமாக வந்தால் பங்களா; கறுப்பாக இருந்தால் பங்களா. ஒழுங்காகப் படிக்காவிட்டால் பங்களாவோடு வேலைக்குப் போவாய் என்று வீட்டில் மிரட்டுகிறார்களாம். கிராணிமார் தம் பிள்ளைகளை, "படிக்கவில்லையென்றால் மரம் வெட்டத்தான் போவாய்" என்று மிரட்டியதை என் தாத்தா கசப்போடு சொல்வார். மிரட்டல் அப்படியே இருக்கிறது. உதாரணம் மட்டும் மாறிவிட்டது.

1980களில் இந்தோனேசியர்களும் 1990களில் வங்காளதேசத்தவரும் பெருமளவில் இந்நாட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். இன்று பல செம்பனைத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் இருந்த லயங்களில் அவர்கள் இருக்கிறார்கள். வரும்போதே முகவருக்குப் பெருந்தொகை கடன்பட்டு வருகிறார்கள். அதை அடைக்கவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதுக்கதையா? ஆயினும் நம் சமூகத்தில் அவர்களைப் பற்றி இரக்கத்தோடு பேசுபவர்கள் குறைவு. 'இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை' என்று விளம்பரம் போடும் வீட்டுக்காரர்களைக் கண்டு கொதிக்கிறோம். நாமே வீட்டை வாடகைக்கு விடும்போது யாருக்கு இல்லை என்பதில் மிகத் தெளிவாக இருக்கிறோம்.

என் வகுப்பில் ஒரு மாணவன். தாய் தமிழர், தந்தை வங்காளதேசத்தவர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 'பங்களா' என்பது அவனுக்கு வகுப்பில் நிலைத்துவிட்ட பெயர். அவன் எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை. 'என் குடும்பம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, 'என் தந்தை பினாங்கைச் சேர்ந்தவர்' என்று எழுதியிருந்தான். பதினொரு வயதுப் பிள்ளை தன் தந்தையின் ஊரை மாற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வகுப்பறையில் இனவேற்றுமை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

பெயர் வைத்து அழைத்த மாணவனின் தந்தையை அழைத்துப் பேசினேன். நல்ல மனிதர், பள்ளிக் கூட்டுப்பணி என்றால் முதல் ஆளாக வருபவர். "வீட்டுல சும்மா பேசிக்கிறதுதான் டீச்சர். பையன் அதப் புடிச்சிக்கிட்டான்" என்று சிரித்தார். பிறகு அவரே, "எங்க கடையில ஒரு பங்களாப் பையன் இருக்கான், ரொம்ப நல்லவன், நம்பிக் கல்லாவையே விட்டுட்டுப் போவேன்" என்றார். மீண்டும் விலக்கு! அந்தக் கடைப் பையனின் நேர்மை தந்தைக்குத் தெரியும். மகன் கடைக்குப் போவதில்லை. மகனுக்கு வந்து சேர்ந்தது சொல் மட்டும்தான். "அந்தப் பையனின் பெயர் உங்கள் மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நாங்க எல்லாரும் 'பாய்'னுதான் கூப்புடுவோம்" என்றார்.

இதற்கெனப் பள்ளியில் திட்டங்கள் இல்லாமலில்லை. ரிமூப் என்னும் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பக்கத்துத் தேசியப் பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களோடு விளையாட்டு, கூட்டுச் சமையல் எல்லாம் நடத்தியிருக்கிறோம். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். மாலையில் பேருந்து ஏறியதும் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்கு, அவரவர் வீட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு நாள், வீட்டுப் பேச்சைத் தொடுவதே இல்லை.

ஆகவே சென்ற தவணையில் வேறொன்று செய்து பார்த்தேன். உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட, தமிழரல்லாத ஒருவரைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். அவருடைய பெயர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றேன். 'சீனக் கிழவி', 'மலாய்க்கார மாமா' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். வகுப்பில் இருபத்திரண்டு பேர். பதினான்கு பேர் எழுதிக் கொண்டுவந்தார்கள். பிள்ளைப்பேறு பார்த்த மலாய் பீடான் ஒருவர். வேலை நிறுத்தக் காலத்தில் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டே மாதக்கணக்கில் அரிசி கொடுத்த சீனக் கடைக்காரர் ஒருவர். மூன்று பிள்ளைகளின் வீட்டில், என் அத்தையைப் போலவே, கைக்குழந்தையாக வந்த சீனப் பாட்டி! மூவரில் ஒருத்திக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. இன்னொரு மாணவன், 'எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை என்று தாத்தா சொன்னார்' என்று ஒரே வரி எழுதியிருந்தான். அதற்கும் நல்ல மதிப்பெண் கொடுத்தேன். கடை வைத்திருக்கும் அந்தத் தந்தையின் மகன், கடையில் வேலை செய்பவரின் முழுப்பெயரை எழுதி வந்தான்.

வகுப்புக்குள் அந்தப் பட்டப்பெயர் இப்போது குறைந்திருக்கிறது. திடலில் இன்னும் காதில் விழுகிறது. ஐந்தாம் ஆண்டில் ஓய்ந்தால் நான்காம் ஆண்டில் கேட்கிறது. அவர்களுக்கும் வீடு இருக்கிறதே.

வங்காளதேசத் தந்தையின் மகன் தன் தாய்வழிப் பாட்டியிடம் கேட்டு, தோட்டத்து ஜாவாக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். 'என் குடும்பம்' கட்டுரையில் அவன் தந்தை இன்றும் பினாங்குக்காரர்தான். அந்த வரியை நான் திருத்தவில்லை.